பள்ளத்துக்கு நேரே ஒரு விரல்

இரண்டாவது சீசாவின் மூடிக்கு மெழுகு ஊற்றப் போன மரியதாஸ் கையை நிறுத்திவிட்டான். எரிசாராயத்துக்குள் கிடந்த சின்னப் பிராணி, ஒன்பது மாதமாகத் தன்மேல் இறுக்கிப் போர்த்தியிருந்த சேற்று உறை நழுவி, முதன்முறையாக வாயைக் காட்டிக்கொண்டிருந்தது.

உருகிய மெழுகு கரண்டியிலிருந்து மேஜையில் சொட்டியது. அவன் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தான். பிறகு வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி பார்த்தான்.

சாய்வு நாற்காலியில் மொரேல் துரை படுத்திருந்தார். பாகூர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் டாக்டராக இருந்து, ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்பாமல் ஏரிக்கரை வீட்டிலேயே தங்கிவிட்டவர். இரண்டு கண்ணிலும் புரை. கடலடித் தந்திக் கம்பியைப் பழுதுபார்க்கும் கப்பல் ஒன்றின் கப்பித்தான் அவருக்கு நண்பர். வெயில் ஒருநாளும் எட்டாத ஆழத்திலிருந்து கம்பியை மேலே இழுத்தபோது, சேற்றோடு ஒட்டிவந்த இரண்டு கடற்சாமந்திகளை அந்த நண்பர்தான் அனுப்பிவைத்தார். சேற்றுக்குள் தனக்கென்று ஒரு குழாய் கட்டிக்கொண்டு, உடம்பு முழுதும் புதைந்து, விரல்களை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஜீவன். இப்படி ஒன்றை யாரும் எழுதிவைக்கவில்லை என்று துரைக்குத் தோன்றியது. எழுத அவரிடம் படிப்பு இருந்தது, பார்க்கக் கண் இல்லை. நில அளவைக் கச்சேரியில் வரைபடம் எழுதும் மரியதாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

தினமும் கச்சேரி விட்டதும் வந்து பெரிய பிராணியை வரைந்தான். விளிம்பில் நீள விரல்கள். வாயைச் சுற்றிக் குட்டை விரல்கள். வாயின் ஒரு முனையில் சிறு பள்ளம். அவன் கறுப்பு மையில் பெரிதாகப் போட்டுக் கொடுப்பதைக் கண்ணுக்கு நாலு விரற்கடை தூரத்தில் பிடித்து, அதைப் பார்த்துத்தான் துரை எழுதினார்.

பள்ளத்துக்கு நேரே உள்வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்ததை அவன் வரையும்போதே பார்த்தான். கம்பியோடு இழுபட்டதில் விளிம்பு விரல்கள் சில அறுந்திருந்தன. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தான். வெள்ளத்தில் கரைந்த வரப்பைக் கரைந்ததாக வரையக்கூடாது, உரிமை எங்கே இருக்கிறதோ அங்கே கோடு போட வேண்டும் என்பது கச்சேரி விதி. இருபது வருஷம் அப்படியே பழகிய கை. யோசிக்காமல் நாற்பதாவதாக ஒரு விரலைப் போட்டு வட்டத்தை மூடிவிட்டது.

இப்போது சின்னதிலும் அதே இடம் காலி. தழும்பு இல்லை, பிசிறு இல்லை, வழவழவென்று தோல். அங்கே எப்போதும் எதுவும் இருந்ததில்லை.

"இன்னா சத்தத்தையே காணோம்?" என்றார் துரை. நோயாளிகளிடம் கற்ற தமிழ். "நாலு மணிக்கு வண்டி வந்துடும். சீசாவும் எழுதுனதும் நாளைக்குப் பாரீசு கப்பல்ல ஏறணும்."

"ஆவுது முசியே."

"கடைசியா ஒருவாட்டி சொல்றேன், கேளு." எழுதி முடித்த தாளைப் பார்க்காமலே சொன்னார். "மத்ததுக்கெல்லாம் பள்ளத்துக்கு நேரா வெரலு கெடயாது. இதுக்கு மட்டும் உண்டு. அதான் இது புதுசு. அந்த வெரல கண்டுபுடிச்சது நீ. அதான் உம் பேரு."

பிராணிக்கு அவர் வைத்த பேரில் மரியதாஸின் பேர் இருந்தது, லத்தீன் வால் ஒன்று ஒட்டிக்கொண்டு. அவன் மனைவி அமுதம் அதைத் தாளில் எழுதச் சொல்லி வாங்கி ஜெபப் புஸ்தகத்துக்குள் வைத்திருந்தாள். "பாரீசுல இருக்கறவங்க உங்க பேர எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள். அவன் மூக்கால் சொல்லிக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை, மெல்ல, இரண்டு தடவை, தானும் சொல்லிப் பார்த்தாள்.

கோயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இன்று காலையில் வாய்க்கால் மதகில், வயலுக்குப் போய்க்கொண்டிருந்த அய்யனார் வழிமறித்தான். "இன்னா மரியதாசண்ணே, கடல் பூச்சிக்கு உம் பேராமே. எங்கூட்டு ஆட்டுக்குட்டிக்குக்கூட ஒரு பேரு பாரேன்." பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "வெள்ளத்துல போன எம் வரப்ப நட்டுக்க நிக்கறாப்ல போட்ட ஆளாச்சே நீ. பூச்சிக்காச்சும் இருக்கறத போட்டியா?" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மேஜையில் மெல்லிய கத்தி கிடந்தது. காலி இடத்தில் ஒரு கீறல் போதும். ஒரு விரல் இருந்து அறுந்ததாக ஆகிவிடும். பாரீசில் யார் பார்த்தாலும் அப்படியே நினைப்பார்கள். கிழவருக்கு இனி எழுத இன்னொன்று கிடைக்கப் போவதில்லை. யாருக்கு நஷ்டம்? அந்த ஆழத்தில் இருப்பவை அங்கே இல்லாத விரலைத் தேடவா போகின்றன? கத்தியை எடுத்தான். கைப்பிடி சில்லென்றிருந்தது.

முதல் சீசாவை இழுத்து, அரைமணி முன்பு தானே ஊற்றிய மெழுகைக் கத்தியால் உடைத்தான். பெரிய பிராணியை இடுக்கியால் தூக்கிப் பீங்கான் தட்டில் வைத்தான். கத்தி முனை பள்ளத்துக்கு நேரே வந்து நின்றது. உள்ளங்கையளவு அகலத்தில், நிறமெல்லாம் போய், அது வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

"சாராய வாட அடிக்குது" என்றார் துரை. "எதுக்குத் தெறந்த?"

மரியதாஸ் கத்தியைக் கீழே வைத்தான். தட்டை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியருகே மண்டி போட்டான்.

"முசியே, சுண்டு வெரல குடுங்க."

"இன்னாடா?"

"குடுங்க முசியே."

நாடி பார்த்தே தேய்ந்த கை. மரியதாஸ் அதைப் பிடித்துக் குட்டை விரல்களின்மேல் வைத்தான். வைத்ததுமே கிழவரின் முகம் மாறியது. இத்தனை மாதத்தில் அவர் அதைத் தொட்டதேயில்லை. விரலைத் தானாகவே வட்டத்தில் நகர்த்தினார். தன் பாஷையில் மெதுவாக எண்ணத் தொடங்கினார். மரியதாஸ் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தொன்பதில் எண்ணிக்கை நின்றது. விரல் வந்த வழியே திரும்பிப் போய், மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு, மறுபடி அங்கேயே வந்தது.

வெளியே மாட்டு மணிச் சத்தம் ஏரிக்கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது.  துரை கையை எடுக்கவில்லை. பள்ளத்துக்கு நேரே, படத்தில் மரியதாஸ் வரைந்திருந்த அதே இடத்தில், அவருடைய சுண்டு விரல் நின்றது.