ஊமைத்திரை

கணவர் போனைக் கவிழ்த்து வைப்பதை அவள் முதன்முதலில் கவனித்தது ஒரு மத்தியானத்தில். கடையின் பின்பக்கம், பழுதுக்கு வந்து வரிசையாக நின்ற பிரிட்ஜுகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எதையோ டைப் அடித்துக்கொண்டிருந்தார். டீயோடு இவள் போனதும், கையைச் சுட்டுவிட்டதுபோல் போனைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். போனைத் திருகாணி டப்பாவுக்குள்ளும் கம்ப்ரசர் மேலும் போட்டுவிட்டு, “என் போனப் பாத்தியா?” என்று கடையையே தலைகீழாக்குகிற மனிதர். இப்போது அதற்குப் பூட்டு வேறு போட்டிருந்தார். “யாருங்க போன்ல?” என்று கேட்டாள். “ஏதோ விளம்பரம்,” என்றார். விளம்பரத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிற ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை. டீயை வைத்துவிட்டு முன்பக்கம் வந்துவிட்டாள்.

இதைத் தங்கையிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த கதைதான்.

“பூட்டு போடற அளவுக்குப் போயிடுச்சுன்னா விஷயம் முத்திடுச்சுக்கா. நீ ஊருக்கெல்லாம் போலீஸ் வேலை பாக்கற, வீட்டுல கோட்டை விட்டுட்ட.”

போலீஸ் வேலை என்று தங்கை சொன்னது மன்றத்தை. பிரிட்ஜ் மெக்கானிக்குகள் கூடிப் பேசுகிற ஓர் இணைய மன்றம் அது. எந்த மாடலில் எந்த விளக்கு சிமிட்டினால் என்ன கோளாறு, எந்தப் போர்டில் எது முதலில் கருகும் என்றெல்லாம் அங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். உதிரிபாகம் எங்கே மலிவு என்று விசாரிப்பதற்காக ‘ஐஸ்பெட்டி’ என்று ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே போனவள், போன இடத்தில் வாய் சும்மா இருக்காததால் மன்றத்தைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துகிற மட்டுறுத்துநராகவே ஆகிவிட்டாள். இன்றுவரை ஒரு திருகாணியைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் யாருடைய கேள்விக்கு எந்தப் பழைய பதிவில் பதில் இருக்கிறது என்பது அவளுக்கு விரல் நுனியில். பாதிப் பேர் அவளை ‘ஐஸ்பெட்டி அண்ணே’ என்றுதான் அழைத்தார்கள். அவளும் திருத்தவில்லை. அண்ணன் அதட்டினால் பயல்கள் அடங்குகிறார்கள், அது அவளுக்கு வசதியாக இருந்தது.

மன்றத்துக்குப் பெரிய பயம் கம்பெனி ஆட்கள். கம்பெனிகள் வெளியில் விடாத வரைபடங்களை மெக்கானிக்குகள் அங்கே பகிர்ந்துகொள்வார்கள். மெக்கானிக் வேஷத்தில் ஒருவன் வந்து, யாரிடம் என்ன இருக்கிறது என்று நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவான். கொஞ்ச நாளில் வக்கீல் நோட்டீஸ் வரும். அப்படி வந்த ஒருவனை அவள் மோப்பம் பிடித்து விரட்டியிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு மட்டுறுத்துநருக்கு ‘மீட்டர்’ என்று பெயர். யார் என்ன கேட்டாலும் “மீட்டர் வச்சுப் பாத்தியா?” என்று அவர் முதலில் கேட்பதால் வந்த பட்டம். மட்டுறுத்துநர்களுக்கான வழிமுறைகளை எழுதியவர் அவர்தான். சந்தேகம் வந்தால் முதலில் ஆளைக் கேள், பிறகு எச்சரி, தண்டனை என்று வந்தால் இரண்டு மட்டுறுத்துநர்களும் சேர்ந்து முடிவெடு. அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டியபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் இவள்.

தண்டனைக் கருவிகளில் அவளுக்குப் பிடித்தது ஊமைத்திரை. ஒருவனை நேரடியாக வெளியேற்றினால் அவன் வேறு பெயரில் திரும்பி வருவான். ஊமைத்திரைக்குப் பின்னால் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. அவன் எழுதுவது அவன் கண்ணுக்கு மட்டும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. திரை விழுந்ததும் அவனுக்குத் தெரியாது. யாரும் பதில் சொல்லாததைப் பார்த்துச் சலித்து, தானாகவே போய்விடுவான். கத்தியின்றி ரத்தமின்றி வேலை முடியும்.

மழைக்காலத் தொடக்கத்தில் அப்படித்தான் ‘கத்துக்குட்டி’ என்கிற புது உறுப்பினரைத் திரைக்குப் பின்னால் தள்ளினாள். வந்தவன் தன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எடுத்த எடுப்பில் புது இன்வெர்ட்டர் மாடல்களின் போர்டு வரைபடம் வேண்டும் என்றான். பெயர்தான் கத்துக்குட்டியே தவிர, கேஸ் நிரப்புவதைப் பற்றிப் போகிற போக்கில் அவன் எழுதிய ஒரு வாக்கியம், தொழிலைக் கரைத்துக் குடித்தவன் எழுதுவது மாதிரி இருந்தது. பழம் தின்று கொட்டை போட்டவன் எதற்குக் கத்துக்குட்டி என்று பெயர் வைத்துக்கொள்ள வேண்டும்? மகள் பிரசவத்துக்காக மீட்டர் அலைந்துகொண்டிருந்த சமயம் அது. அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று அவளே முடிவெடுத்துவிட்டாள். காரணம் எழுதும் கட்டத்தில், “கம்பெனி ஆள். தெரியாதவன் மாதிரி நடிக்கிறான்” என்று எழுதிப் பொத்தானை அழுத்தினாள். அத்தோடு அவனை மறந்தும் போனாள்.

இப்போது அவள் கண்ணெல்லாம் கணவர்மேல்தான். புது மாடல் பிரிட்ஜ் எது வந்தாலும் “இத கம்பெனிக்காரங்ககிட்டயே குடுத்துடுங்க” என்று திருப்பி அனுப்பினார். முன்பெல்லாம் வாடிக்கையாளர் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் போய்ப் பிரிட்ஜைத் தட்டிப் பார்க்கிறவர். ஒரு நாள் யாரோ ஒருவன் வந்து டேப்பைப் பிடித்துக் கடையின் அகலத்தை அளந்துவிட்டுப் போனான். கேட்டதற்கு “ஷட்டர் மாத்தணும்” என்றார். ஷட்டர் நன்றாகத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். துணி துவைக்கப் போடும்போது சட்டைப் பைகளைத் துழாவினாள். ஒரு பழைய வாஷரும் உடைந்த பென்சிலும் கிடைத்தன. தன்மேலேயே வெறுப்பாக வந்தது. ஆனாலும் அடுத்த சட்டையையும் துழாவினாள்.

செவ்வாய்க்கிழமை மீட்டர் கூப்பிட்டார்.

“தங்கச்சி, ஊமைத்திரையில இருக்கவங்கள அப்பப்ப திரும்பப் பாக்கணும்னு எழுதி வச்சிருக்கோம்ல, பாத்தியா? கத்துக்குட்டின்னு ஒருத்தன் இன்னும் எழுதிக்கிட்டே இருக்கானாம், எண்ணிக்கை காட்டுது. கம்பெனிக்காரன் இவ்வளவு நாள் யாருமில்லாத சுவத்துக்கிட்ட பேசுவானா? எனக்கு என்னவோ இடிக்குது.”

“பாக்கறேண்ணே.”

“மீட்டர் வச்சுப் பாக்காம போட்டுட்டியோன்னு சந்தேகமா இருக்கு.”

கணவர் பின்பக்கம் இருந்தார். அவள் முன்மேஜையில் கணினியைத் திறந்து, மட்டுறுத்துநர் கண்ணுக்கு மட்டும் தெரியும் அந்தப் பக்கத்துக்குப் போனாள். கத்துக்குட்டி எழுதியவை வரிசையாக இருந்தன. எதன் கீழும் ஒரு பதிலும் இல்லை. ‘சிவப்பு விளக்கு ஆறு தடவ சிமிட்டுது. போர்டு மாத்தியும் அப்படியேதான் இருக்கு. யாராவது சொல்லுங்க.’ அடுத்தது: ‘பழைய கம்ப்ரசர்னா மேல கை வச்சா அதுவே சொல்லிடும். புதுசு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. எங்கேருந்து கத்துக்கறது?’ அதற்கும் அடுத்தது: ‘தெரியலன்னாலும் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லலாம்ல.’ பிறகு: ‘நான் கேட்டதுல ஏதாவது தப்பு இருந்தா மன்னிச்சுக்கங்க.’

கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். இருந்தாலும் விடவில்லை. கம்பெனி ஆட்களுக்கு நடிப்பா தெரியாது என்று சொல்லிக்கொண்டே கீழே இறங்கினாள். அங்கே ஒரு படம் இருந்தது. மரமேஜைமேல் ஒரு போர்டு, பக்கத்தில் ஒரு தகர டப்பா. டப்பாவின் மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ‘சின்னது’ என்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மரத்தில் வட்டமாக ஒரு கருகல். போன வருஷம் அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரத்தை அவசரத்தில் அங்கே வைத்தது அவள்தான். ஒரு வாரம் அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்த எழுத்தும் அவள் எழுத்து. நகப்பூச்சும் அவளுடையது.

கடையின் இணைய இணைப்பிலிருந்து எழுதினால் அவள் கருவியில் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்து, தன் போனிலிருந்தே எழுதியிருக்கிறார். அவள்தான் இங்கே மட்டுறுத்துநர் என்பது அவருக்குத் தெரியாததா?

கடைசிப் பதிவு முந்தின நாள் எழுதியது.

‘யாரும் படிக்கறதில்லங்கற தைரியத்துல எழுதறேன். கடைய வேற ஒருத்தருக்கு விட்டுடலாம்னு இருக்கேன். வந்து அளந்துட்டுப் போயிட்டாரு. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல பொட்டி தூக்க, ஏத்தி இறக்க ஆள் கேக்கறாங்க. வெள்ளிக்கிழம கையெழுத்து. வீட்டுல இன்னும் சொல்லல. வீட்டுல இருக்கவங்க ஊர்ல இருக்கற மெக்கானிக்குக்கெல்லாம் வழி சொல்றவங்க. அவங்ககிட்ட போயி எனக்கு ஒண்ணும் தெரியலன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது.’

அவள் அழவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் சொல்லாமல் முகம் தெரியாத பயல்களிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாரே என்று கோபம். அந்தப் பயல்கள் காதிலும் விழாமல் செய்தது யார் என்று நினைத்ததும் கோபத்துக்குக் காலே இல்லாமல் போயிற்று. அவர் கேட்ட ஆறு சிமிட்டலுக்கு மன்றத்தில் ஏற்கனவே பதில் இருந்தது. எந்தப் பதிவில் என்றுகூட அவளுக்குத் தெரியும்.

எழுந்து பின்பக்கம் போனாள். அவர் ஒரு பழைய பிரிட்ஜின் கதவு ரப்பரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க.”

“ம்.”

“அந்தப் புது பிரிட்ஜு, மூலையில நிக்குதே, என்னாச்சு?”

“பாத்துட்டேன். போர்டு போயிடுச்சு. பிரயோஜனமில்ல, திருப்பி அனுப்பிடு.”

சொல்லும்போதே கை நீண்டு போனைக் கவிழ்த்தது. போர்டை மாற்றிப் பார்த்து, கோளாறு போர்டில் இல்லை என்று தெரிந்துகொண்டவர், கண்ணைப் பார்க்காமல் பொய் சொல்கிறார். இப்போது தனக்குத் தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். யாரும் உங்களுக்குப் பதில் சொல்லாததற்குக் காரணம் நான்தான் என்பதில் போய் அது முடியும். “காப்பி போடட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

திரையை எடுத்துவிட்டால் போதும், அவர் கேள்விகளெல்லாம் மன்றத்துக்குள் வந்து விழும். மெக்கானிக்குகள் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள். ஆனால் வழிமுறையில் மீட்டர் பிடிவாதமாகச் சேர்த்திருந்த ஒரு விதி இருந்தது. திரையை எடுத்த மறுகணம், போட்டது யார், எடுத்தது யார், போட்ட காரணம் என்ன என்று அந்த உறுப்பினருக்குக் கருவியே தகவல் அனுப்பிவிடும். காரணத்தைப் பிறகு திருத்தவும் முடியாது. ஒளித்துச் செய்த காரியத்தை ஒருநாளாவது வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்பது மீட்டரின் வாதம். அன்றைக்கு அதற்கும்தான் தலையாட்டினாள்.

மீட்டரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, காரணத்துல எழுதின அந்த ஒரு வரிய மட்டும் அழிக்க முடியுமா?”

“எதுக்கு?”

“தப்பா எழுதிட்டேன்.”

“தப்புன்னா தப்புன்னு அந்த ஆளுக்குத் தெரியட்டுமே. அதுக்குத்தானே விதி.” கொஞ்சம் நிறுத்தினார். “யாரு தங்கச்சி அவன்? உனக்குத் தெரிஞ்சவனா?”

“அத விடுங்கண்ணே,” என்றாள். ஓர் உறுப்பினர் யார் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பதும் விதிதான்.

“தெரிஞ்சவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயமா? அப்ப இதையெல்லாம் எழுதி வச்சது எதுக்கு, ஊறுகா போடறதுக்கா? எனக்கு உன்மேலயே சந்தேகம் வருது பாரு.”

“வரட்டும்ணே,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வரை பொறுத்தால் திரையை எடுக்க வேண்டிய அவசியமே இருக்காது. கத்துக்குட்டி எழுதுவதை நிறுத்திவிடுவான். அவள் செய்தது அவருக்குத் தெரியவராது. காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எவனுடைய பெட்டியையோ சுமக்கப் போவார். மவுஸின் அம்பை நகர்த்தித் திரையை எடுக்கும் பொத்தான்மேல் வைத்தாள். ‘உறுதியா?’ என்று கருவி கேட்டது. அவளை யாராவது அப்படி நிறுத்திக் கேட்டிருந்தால் மழைக்காலத்திலேயே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அழுத்திவிட்டாள்.

பின்பக்கத்தில் போன் ஒரு தடவை மணியடித்தது. அது அவள் பெயர் தாங்கிய தகவல்தான், வேறெதுவும் அதற்குள் வந்திருக்க வழியில்லை. அவர் எடுக்கவில்லை, ரப்பர் கிழிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மன்றத்தில் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன. மெக்கானிக்குகள் சாப்பிட உட்கார்ந்து போனை நோண்டுகிற நேரம். ‘ஆறு சிமிட்டலா? போர்டுமேல கை வைக்காதண்ணே, சென்சர் ஒயரப் பாரு.’ ‘எனக்கும் புதுசு வந்தப்ப ரெண்டு மாசம் தூக்கமே இல்ல.’ ‘கடைய விடாதீங்க, என் நம்பர் தரேன்.’ பின்பக்கம் மணி அடுத்தடுத்து அடித்தது. ரப்பர் சத்தம் நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். திறந்து வைத்த பிரிட்ஜ் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. கதவுக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. மணி அடிப்பது அடங்கியது. போன் கைக்குப் போயிருக்க வேண்டும். பாதங்கள் அசையவில்லை. ஏதாவது பேசுவாரென்று காத்திருந்தாள். எழுந்து போகலாமா என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

அப்போது கணினியில் ஐஸ்பெட்டிக்கான தனிமடல் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. ‘கத்துக்குட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்’ என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. கொஞ்ச நேரத்தில் அது மறைந்தது. மறுபடி வந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், கதவுக்குக் கீழே ஒரு பாதம் மற்றொன்றின் மேல் ஏறி நின்றது. சாம்பல் வரி திரும்பவும் மறைந்தது, திரும்பவும் வந்தது.