கரும்பலகையில் கடலுக்கு இடமில்லை

1

இந்தக் கதை ஒரு கரும்பலகையிலிருந்து வந்தது. கற்பனையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. என் கற்பனைக்கு அவ்வளவு துப்பு கிடையாது.

சாலவாக்கத்துக்கு அப்பால் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அங்கே ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர் கன்னியப்பன். சென்னையில் நிலவியல் படிக்கும் காலனிப் பெண் ஷாரோன் விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அவள் பேசுவதாக ஏற்பாடு. தலைப்பை அவளே எழுதிக் கொடுத்தாள்: 'கிரெட்டேசியஸ் காலக் கடலில் காலனியாக வாழ்ந்த குழாய்ப்புழுக்கள்.' பலகை சின்னது, கன்னியப்பனின் எழுத்து பெரியது. அவர் எழுதியது இது:

ஞாயிறு காலை. காலனி குழாய் புழு. பேசுபவர் ஷாரோன்.

இடம் பத்தவில்லை, கடலை மட்டும்தான் விட்டேன் என்கிறார்.

யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். கடல் இல்லாத அந்த வரியை ஊர் எப்படிப் படிக்கும்? காலனிக் குழாயில் புழு வருகிறது என்றுதான் படித்தது.

2

என் முதல் தொடக்கம்: 'பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த மண்ணின் மேல் ஒரு கடல்—'

ஷாரோன் அங்கேயே நிறுத்தினாள். (எழுதும்போதே பாத்திரத்திடம் காட்டக் கூடாது. காட்டினேன். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நான்தான்.) கடல் இங்கே இல்லையாம், அரியலூர்ப் பக்கமாம். இந்த உத்திரமேரூர்ப் பக்கத்துப் பாறை வேறு வகை, அதை எத்தனை உடைத்தாலும் புழு கிடைக்காதாம். இவளிடம் இருக்கும் புழுக் கல், கள ஆய்வுக்குப் போனபோது அரியலூரில் எடுத்தது. வருஷமும் பத்துக் கோடி இல்லை, ஏழெட்டுக் கோடி.

இரண்டாவது தொடக்கம்: 'இறுகிப்போன இடியாப்பம் போல ஒரு கல்—' இது மட்டும் அவளுக்குப் பிடித்தது. கைக்கு அடங்கும் கல், முழுக்க நூல் நூலாகக் குழாய்கள்.*

* ஒவ்வொரு புழுவும் தனக்கென்று சுண்ணாம்பில் ஒரு குழாய் கட்டிக்கொள்ளும், பக்கத்துப் புழுவின் குழாயோடு ஒட்டியே. புழுவின் உடம்பு அழுகிப் போய்விட்டது. குழாய் மட்டும் மிச்சம். "அப்போ நம்ம கொழாய் மாதிரியேதான். உள்ள உருப்படியா ஒண்ணும் கெடையாது" என்றார் ஷாரோனின் அம்மா ஏஞ்சல். அருமையான அறிவியல் அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது, குழாயடிக்கு வந்துவிட்டது.

அடுத்து, கதை கேட்டிருந்த பத்திரிகை ஆசிரியர் போனில் வந்தார். 'காலனி' வேண்டாம், அரசாங்கமே அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லிவிட்டது என்றார். நியாயம்தான். ஊருக்கு வெளியே ஒரு சனத்தை ஒதுக்கிவைத்து அந்த இடத்துக்கு வைத்த பெயர் அது, போய்த் தொலையட்டும். 'குடியிருப்பு' என்று போடுங்களேன் என்றார். குடியிருப்பாக வாழ்ந்த புழுக்கள். மாத வாடகை கொடுத்து வாழ்ந்த மாதிரி இருக்கிறது. ஷாரோனிடம் கேட்டேன்.

"எங்க எடத்துக்கு பேர மாத்தியாச்சு சார். பஸ்ல கண்டக்டர் இன்னும் காலனி ஸ்டாப்புன்னுதான் எறக்கி வுடறாரு. புழுவுக்கு மட்டும் இன்னாத்துக்கு மாத்தறீங்க?"

சொல்லை வைத்தால் குற்றம், எடுத்தால் பொய். ஒரு புழுவைப் பற்றி நாலு பக்கம் எழுத இவ்வளவு பேஜாரா?

3

நூலகத்துக்கு வழக்கமாகப் பேப்பர் படிக்க நாலு பேர் வருவார்கள். அந்த ஞாயிறு நிற்க இடமில்லை. காலனிப் பெண்கள் பாட்டிலும் சொம்புமாகக் குழாய்த் தண்ணீரைச் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். துரு கரைந்த மஞ்சள் தண்ணீர். தொட்டியிலிருந்து அவர்களுக்கு வரும் இரும்புக் குழாய் சாக்கடைக்குள் உடைந்து பல வருஷமாகிறது. மனு கொடுத்துக் கொடுத்து ஏஞ்சலுக்குக் கை ஓய்ந்துவிட்டது. புழு என்று வெளியே தெரிந்த பிறகாவது யாராவது வந்து பார்ப்பார்கள் என்று காத்திருந்தார்கள்.

ஷாரோன் கல்லைத் தூக்கிக் காட்டிக் கடலைப் பற்றிப் பேசினாள். நன்றாகவே பேசினாள். கல் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏஞ்சல் கேட்டார்:

"சரி கண்ணு. நம்ம கொழாய்க்கு இன்னா சொல்ற?"

அவள் அம்மாவின் சொம்பை வாங்கி உள்ளே பார்த்தாள். 

4

அப்போது வாசலில் பைக் சத்தம். ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர். வாட்ஸ்அப்பில் பார்த்தாராம். புழு என்று உறுதியானால் புதுக் குழாய்க்கு அவசரமென்று எழுதிவிடலாம், இல்லையென்றால் வரிசைப்படிதான் என்றார். பிறகு ஷாரோனிடம் திரும்பினார்.

"புழுன்னு சொன்னது நீயாம்மா?"

"நான்தான் சார்."

"கொழாய்லயா?"

"கொழாய்லதான் இருந்திச்சு."

"உயிரோட இருந்திச்சா?"

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். ஓவர்சியர் சிரித்துக் கல்லோடு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். குழாய் வராது.

முடிவு ஆ: பொய் சொல்கிறாள். குழாய் வருகிறது. அதன்பின் எந்தக் கல்லைப் பற்றி அவள் வாய் திறந்தாலும்—

முடிவு இ: "இருந்திச்சு சார்." ஏழெட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னால் உயிரோடுதானே இருந்தது? ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. இதை எழுதிய திருப்தியில் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஷாரோன் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"வக்கீல் பேச்சு சார் இது. தண்ணி கெட்டுக்கீதுன்னு சொன்னா போதாதா? அதுல புழு வேற நெளியணுமா?"

5

ஏஞ்சலுக்கும் படித்துக் காட்டினேன். பைக் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"ஓவர்சியரா? அவரு எப்போ வந்தாரு?"

வாசகரே, உங்களிடமும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரும் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. புழு என்று எழுதிப் போட்டும் வரவில்லை. பைக் சத்தம் நான் போட்டது. அ, ஆ, இ மூன்றும் அந்தச் சத்தத்தின் மேல் கட்டியவை.

ஏஞ்சலிடம், கதையில்தான் வருகிறார் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். ஏஞ்சல் கோபிக்கவில்லை.

"கதைலயாச்சும் வந்தாரே. வந்தவர சும்மா அனுப்பிடாதீங்க. நம்ம தண்ணி ஒரு சொம்பு குடிக்க வெச்சி அனுப்புங்க."

அதனால் ஓவர்சியரை நூலகத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறேன். எதிரே சொம்பு. ஏஞ்சல் நிற்கிறார். ஷாரோன் கல்லை மேசைமேல் வைத்துவிட்டாள், அதைப் பற்றி இப்போது யாரும் கேட்கவில்லை. ஓவர்சியர் சொம்பைப் பார்க்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், பாட்டில் தண்ணி கிடைக்குமா என்கிறார். இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. அவர் நான் உண்டாக்கின ஆள், குடி என்று எழுதினால் குடித்துவிடுவார். அதில் ஏஞ்சலுக்கு என்ன லாபம்? அவர் எழுந்து போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். குடிக்க வைப்பது உங்கள் பாடு.