கீழே வைக்காத பை

அண்ணன் ராய்ஸ் கொட்டகையிலிருந்து திருப்புளியோடு வந்து நின்றதும், ஷானா பையை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கொடு இங்க. ஒரு நெம்பு நெம்பினா பூட்டு வந்துரும்."

"உள்ள தோட்டா போட்ட துப்பாக்கி இருக்கு. அதைப் போய் நெம்புவியா?"

"அப்ப என்னதான் பண்றதா உத்தேசம்? மூணு நாளா அதை மாட்டிக்கிட்டே திரியறே. குளிக்கப் போனாலும் கூடவே எடுத்துட்டுப் போறியாம். உன் பொண்ணு சொல்றா."

"குளியலறைக் கொக்கி உயரத்துல இருக்கு. பசங்களுக்கு எட்டாது."

"அந்தப் பையையே நீ கல்யாணம் பண்ணிக்கலாம்" என்றான் ராய்ஸ். சொல்லிவிட்டுச் சிரிக்க வாய் திறந்தவன், அன்று அம்மாவைப் புதைக்கிற நாள் என்பது நினைவுக்கு வந்தவனாகத் திருப்புளியைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டான். அவனுக்கு வயது ஐம்பது. கறுப்புக் கோட்டில் பொத்தான் எட்டவில்லை.

அம்மா நெல்டா ப்ரூயிட்டின் கைப்பை அது. தடித்த பழுப்புத் தோல். மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும் அகலமான வார். பக்கவாட்டில் துப்பாக்கிக்கென்று தனி அறை, அதற்கு ஒரு சின்னப் பூட்டு. சாவியைத்தான் காணோம். சமையலறை இழுப்பறைகள், காரின் இருக்கைக்கு அடி, பைபிள் வைக்கும் உறை என்று ஒன்று விடாமல் தேடியாயிற்று. துணி அலமாரிக்குள் ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருந்தது; அதில் பையை வைத்துப் பூட்டியிருக்கலாம், ஆனால் அதைத் திறக்கும் எண் நெல்டாவுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் ராய்ஸின் மூன்று பையன்களும் ஷானாவின் ஐந்து வயது பிரின்லியும் மூலைக்கு மூலை ஓடிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மளிகைக் கடை வாசலில், காருக்குப் பக்கத்திலேயே நெல்டா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். கூட இருந்த சிநேகிதி ஓபல்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். டல்சா நகரத்திலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டி வந்த ஷானாவுக்கு அம்மாவை உயிரோடு பார்க்கக் கிடைத்தது அரை மணி நேரம். அந்த அரை மணியில் நெல்டா மூக்குக்குழாயை விலக்கிவிட்டு ஒரே ஒரு முறை பேசினாள்.

"ஓபல்கிட்ட என் பை இருக்கு. வாங்கிக்க. கீழ வைக்காத."

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. பிரின்லியின் பெயரைக் கூடச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்த மகளிடம் ஒரு தாய் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது அவளுடைய துப்பாக்கியைப் பற்றி. ஷானா பையை வாங்கிக்கொண்டாள். கீழே வைக்கவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் பாதிப் பெண்களின் பையில் துப்பாக்கி இருக்கும். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நெல்டா படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்க் கவனிக்கிற வேலை பார்த்தவள். கணவன் போய்ச் சேர்ந்த வருஷம், யாரோ ஒருவன் லாரியில் பதினொரு மைல் அவள் காருக்குப் பின்னாலேயே வந்து, அவள் வீட்டு வாசல் கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த வாரமே துப்பாக்கி வாங்கினாள். அதில் ஷானாவுக்கு அப்போது ஒரு வருத்தமும் இல்லை.

வருத்தம் வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸின்போது, டல்சாவில், ஷானாவின் வீட்டில். அடுப்பில் ரொட்டி கருகுகிறது என்று நெல்டா பையைச் சோபாவில் வைத்துவிட்டு ஓடினாள். பிரின்லிக்கு அப்போது மூன்று வயது. அந்தப் பை என்றால் அவளுக்கு மிட்டாய். மீமா என்று அவள் கூப்பிடும் பாட்டி வந்தால் அதிலிருந்துதான் பெப்பர்மின்ட் எடுத்துத் தருவாள். ஷானா திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் கை முழங்கை வரை பைக்குள் இருந்தது. விரலுக்குக் கிடைத்தது மிட்டாய்தான். அப்போதிருந்த பழைய பையில் பூட்டு கிடையாது. மிட்டாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவே இருந்தது ஒரு துணியும் ஒரு ஜிப்பும்.

"இந்தப் பை இனிமே என் வீட்டுப் படியேறக் கூடாது. பை வேணுமா, பேத்தி வேணுமா, நீயே முடிவு பண்ணிக்க" என்றாள் ஷானா.

நெல்டா ரொட்டித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு பிறந்தநாளுக்குத் தொலைபேசியில் இரண்டு வார்த்தை, அவ்வளவோடு சரி. அம்மா பையைத்தான் தேர்ந்தெடுத்தாள் என்று ஷானா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அது நிச்சயமாகிவிட்டது.

அடக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் கூடத்தில், அதை நடத்துகிற ஹாட்லி பஞ்சு மாதிரிக் குரலில் பேசுகிறவர். உறவுக்காரர்கள் எல்லோரும் வெளியே போனதும் அவர் சவப்பெட்டி மூடியில் கைவைத்து, "மூடிடலாமா?" என்று கேட்டார்.

நெல்டா நீல உடையில் படுத்திருந்தாள். அலமாரியில் கைக்கு வந்த முதல் உடையை ராய்ஸின் மனைவி எடுத்துக் கொடுத்திருந்தாள். அதன் வலப்பக்கத்தில் கறுப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்த ஒரு பாக்கெட். அம்மாவுக்கு ஊசி நூல் ஆகவே ஆகாது. பொத்தான் அறுந்தால் கூட ஓபலைத் தேடிப் போகிறவள். இது என்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே ஷானாவின் கண் மேலே போயிற்று. கழுத்துப்பட்டையின் ஓரத்தில் ஒரு மெல்லிய சங்கிலி தெரிந்தது.

"அது என்ன?"

"கழுத்துச் சங்கிலிம்மா. ஒரு குட்டிச் சாவி கோத்திருக்கு. அப்படியே இருக்கட்டும்னு உங்க அண்ணன் சொன்னார்."

ஷானா திரும்பினாள். ராய்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"அப்பாவோட பழைய பெட்டிச் சாவின்னு நினைச்சேன். ஞாபகமா வச்சிருக்கான்னு... அவளோடவே போகட்டும்னுதான் சொன்னேன்."

"திருப்புளியைத் தூக்கிட்டு வரத் தெரிஞ்சுது."

"எனக்கெப்படித் தெரியும் ஷானா?"

ஹாட்லி தானே கழற்றித் தருவதாகச் சொன்னார். ஷானா வேண்டாம் என்று தலையாட்டினாள். பெட்டிமேல் குனிந்தபோது பை முன்னால் சரிந்து அம்மாவின் கையில் இடித்தது; அதை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். கொக்கி கழுத்துக்குப் பின்னால் இருந்தது. தலையைச் சற்றுத் தூக்கி விரல்களை நுழைக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷமாக அவள் அம்மாவைத் தொட்டதில்லை. பிடரிமுடி மட்டும் உயிரோடிருந்தபோது இருந்த அதே மென்மையோடு இருந்தது. தோல்தான் பாத்திரம் மாதிரி சில்லிட்டிருந்தது. கொக்கி வழுக்கிக்கொண்டே போனது. "கொஞ்சம் பொறும்மா" என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ராய்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாவி கையில் வந்தது. மூடி இறங்கியது.

சர்ச்சிலும் கல்லறையிலும் பை அவள் தோளிலேயே இருந்தது. அக்டோபர்க் காற்று சிவப்பு மண்ணை வாரிப் போதகரின் புத்தகத்தில் போட்டது. திரும்பி வந்தபோது வீட்டுச் சமையலறை மேசையில் இடமில்லை. பாதி ஊர் சமைத்துக் கொண்டுவந்து வைத்திருந்தது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் காகித ஒட்டில் பெயர் எழுதியிருந்தது, கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. பன்றித்தொடை, சீஸ் போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, மூன்று வகை பீன்ஸ். பிரின்லி எதையும் தொடவில்லை, ஆரஞ்சு ஜெல்லியைத் தவிர.

ஷானா ஓபலைத் தேடிப் பிடித்துச் சாவியைக் காட்டினாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் ஓபல். தடித்த கை, குறைந்த பேச்சு. அவள் கையிலிருந்த தட்டை வைத்தாள்.

"இங்க வேணாம் கண்ணு. வீடு பூரா ஆளு. வா பின்னாடி."

கொட்டகைக்குப் பின்னால் குளத்துக்கரை மண்மேடு. ஓபல் வழியிலேயே ஒரு மணல் வாளியைத் தூக்கிக்கொண்டாள். மேட்டைப் பார்த்து நின்றுகொண்டு பையை வாங்கி, பூட்டைத் திறந்தாள். அந்த அறைக்குள் வேறு எதுவுமே இல்லை. பேனா இல்லை, ரசீது இல்லை, சீப்பு இல்லை. விசையை முழுக்க மூடியிருந்த கெட்டியான உறைக்குள் துப்பாக்கி. அதுவும் அறையோடு ஒட்டி, ஆட அசைய இடமில்லாமல்.

"பாரு, எப்படி வச்சிருக்கான்னு. எங்களுக்கெல்லாம் இவதான் சொல்லிக் கொடுத்தா."

"யாருக்கெல்லாம்?"

ஓபல் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றினாள். துப்பாக்கியின் முனையை மணலைப் பார்க்க வைத்து மேல்தகட்டைப் பின்னால் இழுத்தாள். ஒற்றைத் தோட்டா வாளிக்குள் விழுந்தது. உள்ளே இரண்டு முறை பார்த்தாள், சுண்டுவிரலை விட்டும் பார்த்தாள். அதன்பிறகுதான் அவள் தோள் இறங்கியது.

"உனக்குத் தெரியாதா? மாசாமாசம் ரெண்டாவது சனிக்கிழமை, சர்ச் கூடத்துல. பையில துப்பாக்கி வச்சிருக்கிற பொம்பளைங்களுக்கு வகுப்பு. நீ அவளை அனுப்பிச்சுட்ட பிறகு ஆரம்பிச்சது."

"எனக்கு யாரும் சொல்லல."

"மேசைமேல ஒரு கண்ணாடி ஜாடி வைப்பா. 'துப்பாக்கியை அப்புறம் பார்த்துக்கலாம். மொதல்ல பையில இருக்கிற மிட்டாய், பிஸ்கட், சூயிங்கம் எல்லாத்தையும் இதுல போடுங்க'ம்பா. எல்லாரும் சிரிப்பாங்க. அப்புறம் சொல்லுவா. 'நான் என் பேத்திக்குப் பையில கைவிடப் பழக்கினேன். வேற யாரும் பழக்கல, நான்தான். பையை சோபாவுல வச்சுட்டு ரொட்டி எடுக்கப் போனேன். என் பொண்ணு என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னா. அவ பண்ணதுதான் சரி.' இப்படியே சொல்லுவா, ஒரு வார்த்தை மாத்தாம. நான் ஒரு இருபது வாட்டி கேட்டிருப்பேன். அப்புறம் யாரும் சிரிக்க மாட்டாங்க."

காற்று வாளியிலிருந்து மணலைக் கிளப்பியது. ஷானா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊர் பூராச் சொல்லியிருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"வெக்கம். 'அவ மூஞ்சியை எப்படிப் பார்க்கறது ஓபல்'ம்பா. 'ஃபோன எடுடி'ன்னு நானும் எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். 'அவ வீடு. அவ கூப்பிட்டாப் போறேன்'னு இருந்துட்டா."

"நான் கூப்பிடல."

ஓபல் தோட்டாவை மணலிலிருந்து பொறுக்கி ஊதித் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரில கடைசியா அவ சொன்னது இந்தப் பையைப் பத்தித்தான்" என்றாள் ஷானா. "கீழ வைக்காதன்னா."

"பிரின்லி வந்து தங்கப்போற வீடாச்சே. வேற என்ன சொல்லுவா?"

துப்பாக்கியைத் தன் வீட்டு இரும்புப் பெட்டியில் வைப்பதாகச் சொல்லி ஓபல் காருக்குப் போனாள். ஷானா காலிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். பழகிய கனம் இல்லாததால் வார் நழுவிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் பெண்கள் நின்றுகொண்டும் உட்கார்ந்துகொண்டும் சாப்பிட்டார்கள். அவள் அப்போதுதான் கவனித்தாள். யாருடைய பையும் நாற்காலி முதுகில் தொங்கவில்லை, தரையில் கிடக்கவில்லை. வாரை மார்புக்குக் குறுக்கே மாட்டி, பையை இடுப்போடு அணைத்து, ஒரு கையில் தட்டும் மறுகையில் முள்கரண்டியுமாக அவஸ்தைப்பட்டார்கள். ஒருத்தி மடியில் பையை வைத்து அதன்மேல் தட்டை வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் விருந்தோ துக்கமோ, வந்தவர்கள் கோட்டையும் பையையும் படுக்கையறைக் கட்டிலில் குவித்துவிட்டுத்தான் சாப்பிட வருவார்கள். குழந்தைகள் அந்தக் குவியலில்தான் விழுந்து புரளும். அம்மாவின் அறைக்குள் போனபோது கட்டிலில் கோட்டுகள் மலையாகக் கிடந்தன. ராய்ஸின் கடைசிப் பையன் அதன்மேல் குப்புறத் தூங்கிக்கொண்டிருந்தான். பை ஒன்று கூட இல்லை.

ஷானா துணி அலமாரியைத் திறந்தாள், பையை மாட்டி வைக்கலாம் என்று.

அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை உடைகள் வரிசையாகத் தொங்கின. சாம்பல் நிறத்தது, பூப்போட்டது, ஈஸ்டருக்கு உடுத்துகிற மஞ்சள். ஒவ்வொன்றின் வலப்பக்கத்திலும் ஒரு பாக்கெட், எல்லாம் அதே கறுப்பு நூல், அதே கோணல். முதலில் தைத்ததில் தையல் பிரிந்து மறுபடி தைத்திருந்தது. கடைசியில் தைத்தது கொஞ்சம் நேராக வந்திருந்தது.

சாம்பல் உடையின் பாக்கெட்டில் கைவிட்டாள். மிட்டாய்த் தாள் சரசரத்தது. பூப்போட்டதிலும் இருந்தது. மஞ்சளிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு.

அவள் உடைகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பின்னால் பிரின்லியின் குரல் கேட்டது.

"அம்மா, மீமாவோட பை உன்கிட்ட ஏன் இன்னும் இருக்கு? அதுல மிட்டாய் இருக்கா?"

"இல்ல. பையில இல்ல."

ஷானா மண்டியிட்டுக் கையைத் திறந்து காட்டினாள். பெப்பர்மின்ட் இரண்டு கோடைகளில் இளகி இறுகித் தாளோடு தாளாக ஒட்டிப் போயிருந்தது. அவள் நகத்தால் ஓரத்தைக் கிள்ளித் துணுக்குத் துணுக்காக உரிக்கத் தொடங்கினாள். பிரின்லி உள்ளங்கையை நீட்டியபடி, பையைத் தொடாமல், எதிரில் காத்துக்கொண்டு நின்றாள்.