உதவிக் கருவி: கிராணி ஒன்று

மழை பெய்தால் பாப்பாவால் எழுந்திருக்க முடியாது. வாதமில்லை, மூட்டுவலியில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை படம் எடுத்துப் பார்த்தும் எலும்பில் ஒன்றும் அகப்படவில்லை. கோலா கங்சாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டிய உடம்பு அது. மரம் நனைந்திருந்தால் பட்டையைக் கீறி வெட்டக்கூடாது. வெட்டினால் பால் மழைத்தண்ணீரோடு சேர்ந்து பட்டையெல்லாம் வழிந்து வீணாகிவிடும். தோட்டம் மூடி இருபத்தைந்து வருஷமாகிறது. மரங்களைச் சாய்த்து எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள், செம்பனையையும் சாய்த்து வீடு கட்டினார்கள். அந்தச் செய்தி பாப்பாவின் முழங்காலுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை.

மழையில்லாத நாளில் ஒரு குறையும் கிடையாது, விடிகாலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பெயரைக் கூப்பிட்டால் போதும். அந்த வேலையைப் பக்கத்து வீட்டு செபாஸ்டியன் பார்த்துக்கொண்டார். அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து, விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று இருநூறு பேரை வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். இப்போது ஈப்போவில் இந்த அடுக்குமாடியின் முதல் மாடி நடைபாதையில், தினமும் ஐந்தரைக்கு, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டி வந்து நிற்பார். கையில் நீலநிறப் புத்தகம். அதில் ஒரே ஒரு பெயர்.

"பாப்பா!"

"வந்தேன்யா!"

ஒரு கோடு போடுவார். பாப்பா எழுந்து முகம் கழுவி, வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். எழுபத்தாறு வயதில் அவளுடைய அன்றாடம் இப்படித்தான் ஒரு தடங்கலுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, நிர்வாக அலுவலகத்திலிருந்து கடிதம் வரும்வரை.

எழுபத்தைந்தைத் தாண்டித் தனியாகக் குடியிருப்பவர்கள், பிறர் தயவில்லாமல் வாழ முடியும் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்களுக்குத் தைப்பிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் ஒதுக்கப்படும்.

ஜொகூரிலிருக்கும் மகன் பவித்ரனுக்கு போன் போட்டாள்.

"நல்ல இடம்மா. பெரிய ஏரி இருக்கு. காலையில நடக்கலாம்."

"எங்கடா நடக்கிறது? தைப்பிங்ல மழை நின்ன நாள் உண்டா?"

"மழைன்னா உள்ள படுத்துக்கம்மா."

அதற்குத்தான் பாப்பா பயந்தாள். தைப்பிங்குக்குப் போனால் படுத்தவள் படுத்தவள்தான். இனி ஒரு நாளும் எழுந்திருக்கப் போவதில்லை.

சோதனை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு இரண்டாவது பெரட்டு ஒன்று எட்டரைக்கு என்று கிராணி முதல் நாளே அறிவித்திருந்தார். ஐந்தரைப் பெரட்டுக்கு எழுந்த பாப்பா, வீட்டைப் பூட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். எட்டரைக்கு ஷார்மேன் என்ற பெண் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வினாடி எண்ணும் நிறுத்துக் கடிகாரம். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்பது அவள் படிவத்தைப் பிடித்திருந்த பயபக்தியிலேயே தெரிந்தது. நாற்காலியிலிருந்து மூன்று மீட்டர் அளந்து தரையில் மஞ்சள் டேப் ஒட்டினாள்.

"ரொம்ப சுலபம் ஆன்ட்டி. நான் 'கோ' சொன்னதும் எழுந்திரிச்சு அந்த மஞ்சக் கோடு வரைக்கும் நடங்க. திரும்பி வந்து உக்காருங்க. அவ்வளவுதான்லா."

"எவ்ளோ நேரத்துல?"

"பன்னெண்டு செகண்டுக்குள்ள வந்துட்டீங்கன்னா, தனியா இருக்கலாம்னு எழுதிடுவேன். ரெடியா? கோ!"

பாப்பா அசையவில்லை. கடிகாரம் ஓடியது.

"ஆன்ட்டி, கோ."

"நீ யாரம்மா என்னைக் கூப்புடுறதுக்கு?" என்றாள் பாப்பா, வருத்தத்தோடுதான்.

செபாஸ்டியன் தொண்டையைக் கனைத்தார். "பாப்பா!"

"வந்தேன்யா!" என்று எழுந்துவிட்டாள்.

"அங்கிள், நீங்க உதவி பண்ணக்கூடாது!" ஷார்மேன் கடிகாரத்தை நிறுத்தினாள்.

"நான் எங்க உதவி பண்ணேன்? கையத் தொட்டேனா, காலத் தொட்டேனா? ஆள் கூப்புட்டேன்." புத்தகத்தில் கோட்டைப் போட்டு மூடினார். "ஷார்மேன்னு பேரு, நீ எந்த சர்ச்?"

ஷார்மேன் பாப்பாவை மறுபடி உட்காரவைத்து, "சரி அங்கிள், நீங்களே கூப்புடுங்க" என்றாள். கிராணி கூப்பிட்டார். பாப்பா மறுபடி எழுந்தாள். கடிகாரம் சுழியத்திலிருந்து கிளம்பியது.

மஞ்சள் கோட்டுக்கு மூன்று வினாடியில் போய்விட்டாள். ஷார்மேன் புன்னகைத்தாள். ஆனால் கோடு ஒட்டியிருந்த இடத்தில் நடைபாதையின் முதல் தூண் இருந்தது. பாப்பா அதன் முன் நின்று இடுப்பை வளைத்து, வலது மணிக்கட்டை இடமிருந்து வலமாகச் சரித்து இழுத்தாள். கையில் பால்வெட்டும் உளி இல்லை. விரலால் கீழே பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைச் சரியாக வைத்தாள். மங்கும் இல்லை. பிறகு திரும்பவில்லை. இரண்டாவது தூணுக்குப் போனாள்.

"ஆன்ட்டி, திரும்பணும்!"

"நெரையில இருக்கிற மரமெல்லாம் முடியாம எப்படித் திரும்புறது?"

முதுகு நாற்காலியில் படும்வரை கடிகாரத்தை நிறுத்தக்கூடாது என்பது விதி. ஷார்மேன் விதியைப் பார்த்தாள், படியிறங்கும் பாப்பாவைப் பார்த்தாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

கார் நிறுத்துமிடத்தில் இருபத்தாறு தூண்கள். சாலையைத் தாண்டினால் பழைய டவுனின் கடைவரிசை, அஞ்சடி நடைபாதை நெடுகத் தூண்கள். இது இத்தனாவது என்று பாப்பாவுக்குத் தூணைப் பார்த்ததுமே தெரியும். எழுபத்திரண்டாவது தூணில் ரொட்டி வாங்கினாள். நூற்றுப் பத்தில் கீரை. நூற்று எண்பத்தெட்டில் சீனக் கடைக்காரர் தூணடியில் ஊதுவத்தி செருகும் தகரக் குவளை வைத்திருந்தார். அதில் மட்டும் நிஜமாகவே ஏதோ நிறைந்திருந்ததால் பாப்பா திருப்தியோடு தலையாட்டினாள். கடைக்காரரும் தலையாட்டினார்.

"ரொட்டிக் கடைக்கு நேரா போலாமே ஆன்ட்டி?" மூச்சு வாங்கியது ஷார்மேனுக்கு.

"நடுவுல மரத்த விட்டுட்டா? மேல்பார்வை பாக்குற மண்டோர் சும்மா இருப்பானா?"

இருநூற்று நாற்பதில் பூக்கடை போட்டிருந்த சீனி சிரித்தான். "என்னாக்கா, இன்னிக்கு மண்டோரையும் கூட்டிட்டு வாறீங்க?"

"நான் மண்டோர் இல்ல," என்றாள் ஷார்மேன்.

"கையில கடிகாரம், கழுத்துல அட்டை, பின்னாலேயே நடை. வேற என்னாவாம்?"

முந்நூற்று ஐந்தில் ரத்த அழுத்த மாத்திரை. முந்நூற்று அறுபதில் தண்ணீர் கட்டணம். நானூற்றுப் பன்னிரண்டாவது தூண் ஒரு வங்கியின் மூலையில் இருந்தது. அதையும் இழுத்து முடித்துவிட்டு பாப்பா திரும்பினாள். ஷார்மேன் கடவுளுக்கு நன்றி சொன்னாள். அவசரப்பட்டுவிட்டாள். வெட்டியாயிற்று, இனி பால் எடுக்க வேண்டும். திரும்பும் வழியிலும் ஒவ்வொரு தூணிலும் நின்று, மங்கை எடுத்து, இல்லாத வாளியில் கவிழ்த்து, துடைத்து, வைத்தாள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது மண்வாசனை அடித்தது. பாப்பாவின் முகம் மாறியது. எடுக்காத பாலில் மழை விழுந்தால் அத்தனையும் போச்சு. எழுபத்தாறு வயது கால்கள் பறந்தன. புதுச் செருப்பு கடித்து ஷார்மேன் நொண்டிக்கொண்டிருந்தாள். பாப்பா அவள் பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மற்றொரு கையால் தூண்களைக் கவனித்தபடி படியேறினாள். கடைசி மங்கைக் கவிழ்த்து நாற்காலியில் முதுகு சாய்ந்த கணத்தில் மழை கொட்டத் தொடங்கியது.

இரண்டு மணி நாற்பத்தொரு நிமிஷம் பதினேழு வினாடி.

ஷார்மேன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். படிவத்தில் வினாடிக்கு இரண்டு கட்டங்கள்தான் இருந்தன.

"இன்னும் ஒண்ணுதான் ஆன்ட்டி," என்றாள் குரலில்லாமல். "அஞ்சு தடவை எழுந்து உக்காரணும்."

பாப்பா நடைபாதைக்கு வெளியே பார்த்தாள். கம்பி கம்பியாக விழுந்தது. முழங்கால்கள் எப்போதோ வேலையை விட்டுவிட்டுப் போயிருந்தன. இடுப்புச் சாவி மட்டும் சில்லென்று வயிற்றில் பட்டது.

"கிராணியாரே," என்றாள் மெல்ல. "கொஞ்சம் கூப்புடுங்களேன்."

செபாஸ்டியன் கையை நீட்டி மழையில் நனைத்துப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. "மழை, பாப்பா."

"தெரியுது."

"மழையில பெரட்டு இல்ல. நான் பொய்யாப் பேர் போட்டதே இல்ல."

"அங்கிள், ஒரு பேர்தானே, சும்மா கூப்புடுங்கலா!"

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அவருக்கும் அந்த வேலை தொண்டை வரைக்கும் ஊறிப்போயிருந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"தைப்பிங்ல எந்த மாடி குடுப்பாங்க?" என்று கேட்டாள் பாப்பா. மழை இன்னும் ஓங்கிப் பெய்தது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு பழைய எரிச்சல் கிளம்பியது. தோட்டத்தின் கடைசி வருஷங்களில் மரத்துக்கு மரம், வெட்டுக்கு மேலே, பாவாடை மாதிரி பிளாஸ்டிக் கட்டினார்கள். தண்ணீர் பட்டையில் இறங்காது, மழைக்கும் வேலை. இருந்த ஒரே ஓய்வும் போயிற்று என்று அன்றைக்கு மேனேஜரின் ஏழு தலைமுறையையும் திட்டியிருந்தாள்.

"ஏம்மா," என்றாள். "உன் பையில பிளாஸ்டிக் இருக்கா?"

ஷார்மேனிடம் மழைக்கோட்டு இருந்தது. பாப்பா உட்கார்ந்தபடியே சொல்லச் சொல்ல, அவள் அதை முதல் தூணைச் சுற்றிக் கட்டினாள். "மேல இறுக்கு. கீழ விரிச்சு விடு. ஐயோ, தாவணியா போடுற? பாவாடை, பாவாடை!" மஞ்சள் டேப் முழுவதும் அதில் செலவானது. செபாஸ்டியன் போய்ப் பார்த்தார். பிளாஸ்டிக்குக்கு அடியில் விரல் விட்டுத் தடவினார். காய்ந்திருந்தது. பெல்ட்டைச் சரிசெய்தார்.

"பாப்பா!"

"வந்தேன்யா!"

ஐந்து தடவை எழுந்தாள். ஆறாவதும் எழுந்தாள், ஷார்மேன் போதும் என்று சொல்லும்வரை.

நேரக் கணக்கு மிச்சமிருந்தது. அது கிராணிக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வகுத்தார்.

"ஒம்பதாயிரத்து அறுநூத்தி எழுபத்தேழு செகண்டு. தூண் நானூத்திப் பன்னெண்டு. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம், எண்ணூத்தி இருபத்திநாலு. மரத்துக்குப் பதினொண்ணு புள்ளி ஏழு."

"பன்னெண்டுக்குள்ள," என்றாள் ஷார்மேன். விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று வகுக்கக்கூடாது என எங்கும் எழுதியிருக்கவில்லை. இரண்டு கட்டங்களிலும் ஒன்று, இரண்டு, பன்னிரண்டு என்று நிரப்பினாள்.

அடுத்த கேள்வியில் பேனா நின்றது. "ஆன்ட்டி, 'பிறர் உதவி தேவையா'ன்னு இருக்கு. ஆமான்னு போட்டா தைப்பிங். மழைக்கோட்ட நான் கட்டினேன். பேர அங்கிள் கூப்புட்டாரு."

பாப்பா இடுப்புச் சாவியைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்குக் கீழ என்னா போட்டிருக்கு?"

"உதவிக் கருவி. கைத்தடி, நடைவண்டி, மற்றவை. கருவி எத்தன வேணும்னாலும் வெச்சிக்கலாம், அதுல பிரச்சினை இல்ல."

ஷார்மேனும் பாப்பாவும் ஒரே சமயத்தில் செபாஸ்டியனைப் பார்த்தார்கள்.

"ஏய்," என்றார் அவர்.

"தூணெல்லாத்துக்கும் பிளாஸ்டிக்க வெயில் நாள்லயே கட்டி வெச்சிடுறேன், அது என் பொறுப்பு," என்றாள் பாப்பா. "இவரையும் எழுதிக்க."

ஷார்மேன் பிறர் உதவிக்கு 'இல்லை' போட்டு, கீழே எழுதினாள்: மற்றவை. பிளாஸ்டிக், தூணுக்கு ஒன்று. கிராணி, ஒன்று.

"நான் ஆளு. கருவி இல்ல."

"கையத் தொட்டீங்களா, காலத் தொட்டீங்களா?" என்றாள் ஷார்மேன். "நீங்கதானே அங்கிள் சொன்னீங்க."

அவர் எழுத்தைச் சரிபார்க்கப் படிவத்தை வாங்கினார். வாங்கியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சோதனை அவருக்குத்தான். அவருக்கும் கடிதம் வந்திருந்தது. 'கோ' என்றாள் ஷார்மேன். எழுபத்தொன்பது வயதுக் கிராணி எழுந்திருக்கவில்லை. கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் அவர் எந்தக் காலையிலும் எழுந்ததில்லை. ஷார்மேன் பெருமூச்சு விட்டு, அவருடைய படிவத்தில் நேராக 'மற்றவை' என்ற இடத்துக்குப் போனாள். பாப்பா, ஒன்று.

"கருவியோட நிலைமை என்னான்னு கேக்குது."

"துரு இல்லன்னு போடு," என்றார் செபாஸ்டியன்.

"பராமரிப்பு? ஆன்ட்டி, உங்க படிவத்துல அங்கிளுக்கு என்னா போடுறது?"

"காலையில ஒரு கோப்பி. சீனி கம்மியா." பாப்பா சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். வெளியே மழை இன்னும் விடவில்லை. தூணில் மழைக்கோட்டு படபடத்தது. "இன்னிக்குக் கோப்பி இன்னும் ஊத்தல," என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே தண்ணீர் வைக்கப் போனாள்.