அம்மன் பணம் அரவிந்த்குமார் பேரில்

புங்கூரணி செங்காட்டு நாச்சியம்மன் கோயிலில் ஒரு வருஷம் திருவிழாச் செலவு போக நாலரை லட்சம் மிஞ்சிவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் தாராளமாக அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக மிச்சப் பணத்தை ஊருக்குள்ளேயே வட்டிக்கு விடுவார்கள். வாங்கியவர் அடுத்த திருவிழா நெருங்கும்போது மகள் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த முறை அது வேண்டாம் என்று கமிட்டி கூடியது.

கோயில் பொருளாளர் அரவிந்த்குமார் வல்லத்திராக்கோட்டையில் இ-சேவை மையம் வைத்திருந்தான். அவன் எழுந்து, இ.டி.எஃப்.பில் போடலாம் என்றான்.

"அப்படின்னா?" என்றார் தலைவர் நல்லதம்பி. அவர் வடக்குத் தெருக்காரர்.

"அம்பது பெரிய கம்பெனி ஷேரையும் கொஞ்சம் கொஞ்சமாச் சேத்து ஒரே பொட்டலமாக் கட்டி விக்கிறாங்க மாமா. ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு தூக்கி விடும். வேணுங்கிறப்ப வித்துக்கலாம்."

"அம்பதுல நம்ம ஜில்லாக்காரன் எவனாச்சும் இருக்கானா?"

"இல்லைங்க மாமா."

"அப்ப நம்பிப் போடலாம்."

தெற்குத் தெரு திருப்பதிக்கு அது பிடிக்கவில்லை. நல்லதம்பி சரி என்று சொன்ன எதுவும் அவருக்கு இதுவரை பிடித்ததில்லை. "அம்மனுக்கு எதுக்கு சோப்பும் சிமெண்டும்? தங்கத்துல போடுங்க," என்றார். தங்கத்துக்கும் இ.டி.எஃப். உண்டு என்று அரவிந்த்குமார் சொன்னான். தங்கம் எங்கே இருக்கும் என்று கேட்டார் திருப்பதி. மும்பையில் ஒரு பெட்டகத்தில் என்றான்.

"அதுவும் நல்லதுதான். இங்க இருந்தா தலைவர் வீட்டுலல்ல இருக்கும்."

பாதி பணம் கம்பெனி இ.டி.எஃப்.பிலும் பாதி தங்க இ.டி.எஃப்.பிலும் போவது என்று முடிவானது. கமிட்டிக்கு பான் கார்டு இல்லாததால் இரண்டையும் அரவிந்த்குமார் பங்கு வாங்கத் தன் பேரில் வைத்திருந்த டீமேட் கணக்கிலேயே வாங்கினான். அன்றோடு அவன் நிம்மதி போயிற்று.

அதுவரை அவன் பைக்கில் எப்படிப் போனாலும் கேட்க நாதியில்லை. இப்போது ஹெல்மெட் இல்லாமல் கிளம்பினால் பஸ் ஸ்டாப்பில் இருப்பவர்களே வண்டியை மறித்தார்கள். புதுக்கோட்டைக்குப் போனால் எப்போது திரும்புவான் என்று அவன் மனைவி வனிதாவிடம் வந்து கேட்டார்கள். ஐப்பசி மழையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது ஊரே இளநீரோடு வந்தது. நல்லதம்பி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பைப் பாத்துக்கப்பா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த பாஸ்வேர்டை மட்டும் சொல்லிட்டுப் படுத்தின்னா நல்லா இருக்கும்," என்றார்.

"அவருக்கு வெறும் காய்ச்சல்தான் மாமா," என்றாள் வனிதா.

"நான் இல்லைன்னா சொன்னேன்?"

முதல் சில மாதங்கள் சந்தை ஏறியது. அம்பது கம்பெனியும் தங்கள் சொந்தக் கம்பெனி என்பதுபோல வடக்குத் தெரு நடந்துகொண்டது. இந்த வருஷம் முதல் பரிவட்டம் தங்களுக்குத்தான் என்று டீக்கடையில் பேசினார்கள். பிறகு சந்தை சரியத் தொடங்கியது. அதே சமயம் தங்கம் ஏறியது. டீக்கடையில் பேசும் முறை தெற்குத் தெருவுக்கு வந்தது. அமெரிக்காவில் எவரோ வரி போட்டதற்கு நல்லதம்பி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பங்குனி பிறந்தது. பந்தலுக்கும் மேளத்துக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். எதை விற்பது என்று கமிட்டி கூடியது.

"எறங்கிக் கிடக்கிறப்ப கம்பெனியை விக்கக் கூடாது. யூடியூப்ல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் நல்லதம்பி. "தங்கத்தை விப்போம்."

"எங்க தெருத் தங்கத்தை வித்து ஒங்க தெருவுல வாணவேடிக்கை விடவா?" என்றார் திருப்பதி.

"ரெண்டுமே அம்மன் பணம்தானே சித்தப்பா," என்றான் அரவிந்த்குமார்.

"நீ பேசாம இரு. ஒன் பேர்லல்ல இருக்கு."

பேச்சு முற்றி, கடைசியில் அம்மனிடமே கேட்டுவிடுவது என்றானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் வாசலில் சாமியாடி அய்யாக்கண்ணு பம்பைச் சத்தத்துக்கு அருள் வந்து ஆடினார். நல்லதம்பி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்.

"ஆத்தா, கம்பெனியை விக்கவா, தங்கத்தை விக்கவா? ஒரு வாக்குச் சொல்லு."

"எம் பணம் எங்கடா?"

"போன்ல இருக்கு ஆத்தா."

"காட்டு."

அரவிந்த்குமார் போனைத் திறந்து நீட்டினான். அய்யாக்கண்ணு வேப்பிலையோடு குனிந்து பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆட்டத்தை நிறுத்தாமலே, "கண்ணாடியை எடுத்தாடா," என்றார். வீட்டுக்கு ஆள் ஓடிப்போய்க் கண்ணாடியைக் கொண்டுவரும் வரை பம்பைக்காரர் சளைக்காமல் அடித்தார்.

"இது ஏன்டா செவப்பா இருக்கு?"

"எறங்கியிருக்கு ஆத்தா."

"செவப்பு எனக்கு ஆகாதுன்னு எவன் சொன்னான்? இருக்கட்டும். பச்சையா இருக்கிறதும் இருக்கட்டும். ரெண்டுலயும் கை வைக்காதீங்க. எப்பவும் போலத் தலைக்கட்டு வரி போட்டு விழா எடுங்க."

வீட்டுக்கு வீடு வரி வசூலிக்க வேண்டாம் என்றுதான் அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டு தெருவுக்கும் அந்த வாக்கில் ஒரு பெரிய ஆறுதல் இருந்தது. எதிர்த் தெரு ஜெயிக்கவில்லை. குலவை போட்டுக் கலைந்தார்கள். கூலி வேலைக்குப் போகும் இருளாயி வீட்டிலும் வரி கேட்டார்கள். அவள் மாராப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

விழா நன்றாகவே நடந்தது. அடுத்த தை மாதத்துக்குள் சந்தையும் மேலே வந்துவிட்டது, தங்கம் யாரும் நினைக்காத உயரத்துக்குப் போய்விட்டது. அரவிந்த்குமார் சந்தோஷமாகக் கூட்டத்துக்குப் போனான். இரண்டையும் விற்றுவிடலாம், கோயில் கூரை ஓடுகளை மாற்றலாம், விழாவையும் வரியில்லாமல் நடத்தலாம், கணக்கைத் தன் தலையிலிருந்து இறக்கிவிடலாம் என்றான்.

கமிட்டி அவனை விநோதமாகப் பார்த்தது.

"ஏறிக்கிட்டிருக்கிறப்ப எவனாச்சும் விப்பானா?" என்றார் திருப்பதி.

"அதானே," என்றார் நல்லதம்பி. இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை ஊர் முதல்முறையாகப் பார்த்தது.

"எறங்குனாலும் விக்கக் கூடாது, ஏறுனாலும் விக்கக் கூடாதுன்னா எப்பத்தான் மாமா விக்கிறது?"

"அதுக்கு நேரம் வரும். அவசரப்படாத. நம்ம அம்மன் இப்ப பழைய அம்மன் இல்ல, வசதியான அம்மன். விழாவும் அதுக்குத் தக்கன இருக்கணும்ல? வரியைக் கூட்டிப் போடுவோம்," என்றார் நல்லதம்பி.

வரி இரண்டு மடங்கானது. மிஞ்சுவதை வெள்ளி இ.டி.எஃப்.பில் போட வேண்டும் என்று இளவட்டங்கள் கேட்டார்கள். அவர்களும் அதற்குள் தனித் தெருபோல ஒதுங்கி உட்காரத் தொடங்கியிருந்தார்கள். பொருளாளர் பொறுப்பிலிருந்து விலகுவதாக அரவிந்த்குமார் சொன்னதை நல்லதம்பி கேட்டுக்கொண்டார். அவன் வெளியூர் போனால் துணைக்குப் போக இரண்டு பேரை நியமித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவன் ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். முதல் வரியைப் பொருளாளர்தான் கட்ட வேண்டும் என்பது புதுத் தீர்மானம். தன் பேரை எழுதி, தொகையை எழுதி, கீழே தானே கையெழுத்துப் போட்டுக் கிழித்து வனிதாவிடம் நீட்டினான்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். "இம்புட்டுமா?" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சோறு எடுத்துவைக்கப் போனாள்.