கை காட்டினாளா?

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. ஓர் இன்ஜினியர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். ஹாலில், சோபாவுக்கு மேலே பெரிய போட்டோ: மலைக் கணவாயில் பைக்குகளோடு ஒரு கூட்டம், கையில் டீ கிளாஸ், முகமெல்லாம் பல். "எல்லாரும் இருக்கீங்க, லீடரோட சம்சாரம் எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவங்களா? அப்ப கீழ வளைவுல வண்டிக்கு அடியில கெடந்தாங்க!" என்றார் இன்ஜினியர். ஹாலே சிரித்தது. நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். மிச்சத்தை இட்டுக்கட்டித்தான் எழுதுகிறேன். கோபத்தை மட்டும் இட்டுக்கட்டவில்லை.

2

முதல் வரி: "நீல மலைகளின் மடியில் பைக்குகள் பறவைகளைப் போல"

தூ. கணுக்காலின் மேல் வண்டி விழுந்து கிடப்பவளுக்கு எந்த மலை நீலம்?

மறுபடி: "அன்று காலை அவள் மனத்தில் ஏதோ இனம்புரியாத" (இதுவும் வேண்டாம். இனம்புரியாத எதுவும் அவளிடம் கிடையாது. மருந்துக்கடை வைத்திருப்பவள். எந்த மாத்திரை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவள். வண்டி ஓட்டுவதிலும் அதே நிதானம். அந்த நிதானத்துக்குக் கூட்டத்தில் வைத்த பெயர் 'ஆமை'. வைத்தவன் அவள் கணவன், கூட்டத்தின் லீடர்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். காணவில்லையென்றால் நின்றுவிட வேண்டும். ஒருவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார், வரிசை முழுக்க நிற்கும். விதியைப் போட்டது லீடர். அன்று ஆமை கடைசி, அவளுக்கு முன்னால் லீடரேதான். "இன்னைக்கு என் பொண்டாட்டிய நானே பாத்துக்கறேன்பா" என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு, முன்னால் போகும் பொறுப்பை இன்ஜினியரிடம் கொடுத்திருந்தான்.

ஏற்றத்தில் இன்ஜினியர் வேகமெடுத்தார். லீடருக்குக் கை துறுதுறுத்தது, அவனும் கண்ணாடியை விட்டுவிட்டு முறுக்கினான். கொண்டை ஊசி வளைவில் கொட்டிக் கிடந்த ஜல்லியில் அவள் சறுக்கி விழுந்தாள். ஒரு லாரி டிரைவர் வந்து வண்டியைத் தூக்கும்வரை கத்திக்கொண்டே கிடந்தாள். மேலே டீ வந்தது. போட்டோ எடுத்தார்கள்.

3

இந்தக் கணவனோடுதான் எனக்கு மல்லுக்கட்டு. முதலில் குடிகாரன் ஆக்கினேன். பிறகு ஒரு கள்ளக்காதலைக் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை. அவன் நல்லவன்.*

* அவள் வண்டிச் செயினுக்கு எண்ணெய் போடுவது அவன்தான். மழைக்கோட்டை மடித்து வைப்பதும் அவன்தான். கெட்டவனாக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

4

மலையடிவார ஆஸ்பத்திரி. காலில் மாவுக்கட்டு. நண்பர்கள் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். அவன் மட்டும் கட்டிலருகே.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"கண்ணாடில என்னைக் காணோம்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது." பொய் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். "எப்பவும் போல மெதுவா வர்றேன்னு நெனச்சேன். நான் நின்னிருந்தா இன்ஜினியர் காலம்பூரா சொல்லிக் காட்டுவான்."

அவன் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"விதியப் போட்டவனே மீறிட்டான்னு தெரிஞ்சா எவன் என் பின்னால வருவான்? நீதான் முன்னால போகச் சொல்லிக் கை காட்டினேன்னு சொல்லிடு. உனக்கு என்ன கொறஞ்சிடப் போகுது?"

"ரொம்ப நேரம் கத்தினேங்க. உங்களக் கூப்பிட்டுத்தான் கத்தினேன்."

"தெரியும்மா. ஒரே ஒரு வார்த்தை."

கதவு திறந்தது.

5

ஒரு முடிவு: அவள் சிரித்துக்கொண்டே, "நான்தான் போகச் சொன்னேன்" என்கிறாள். (என் அக்காவுக்கு இது பிடித்தது. "குடும்பம்னா விட்டுக்கொடுத்துத்தான் போகணும்" என்றாள். அக்காவோடு இப்போது பேச்சு இல்லை.)

இன்னொன்று: மாவுக்கட்டுக் காலாலேயே ஓர் உதை. (எழுதும்போது சுகமாக இருந்தது. மறுநாள் படித்தால் சினிமா.)

இன்னொன்று: அவள் உண்மையைச் சொல்ல, எல்லோரும் வாயடைத்து

பாதியில் நிறுத்திவிட்டேன். சொன்ன பிறகு அந்தக் காலோடு யார் தோளைப் பிடித்து வீட்டுப் படி ஏறுவாள்? அவன் தோளைத்தானே?

சரி, கதவு திறந்துவிட்டது. இன்ஜினியர்தான் முதலில் வருகிறார். "என்னம்மா இது? நீங்கதான் போகச் சொல்லிக் கை காட்டினீங்களாமே? லீடர் அப்பவே சொன்னாரு."

அவளிடம் கேட்பதற்கு முன்பே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அவள் திரும்பி அவனைப் பார்க்கிறாள். அவன் மாவுக்கட்டைப் பார்க்கிறான்.

இனி வார்த்தைகூட வேண்டாம். தலையசைத்தால் போதும். நான் அசைக்க மாட்டேன். 'பாவம், நல்ல மனுஷன், போனால் போகட்டும்' என்று உங்களில் பாதிப் பேர் இதற்குள் மனத்தில் அசைத்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் வாருங்கள், நீங்களே செய்யுங்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறாள். அவள் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். அதுவரை அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.