கிண்ணத்தைக் கீழே வைத்த நிர்வாகக் குழு

ஸல்ட் நகரத்துக் காதுகேளாதோர் பள்ளியை நடத்தும் சங்கத்துக்குப் பதினோரு நிர்வாகக் குழு உறுப்பினர்கள் இருந்தார்கள். இருந்தார்கள் என்றால், வாசல் பலகையில் இருந்தார்கள். ஓய்வுபெற்ற தளபதி ஹாயில் பாஷா தலைவர். அவருக்குக் கீழே ஒரு முன்னாள் மந்திரி, இரண்டு முன்னாள் மேயர்கள், ஒரு சிமெண்டு வியாபாரி, பிறகு ஊரின் பெரிய குலங்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி. பளிங்கில் பெயர் பொறித்த அன்று மட்டும் அத்தனை பேரும் நேரில் வந்து எழுத்துப்பிழை பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படியை மிதித்தவர்கள் அபூர்வம்.

பள்ளியின் இயக்குநர் ருவைதா இதை வருஷக்கணக்காகப் பொறுத்துக்கொண்டாள். அவளுடைய அண்ணன் ஜரீர் பிறவியிலேயே காது கேளாதவன். அவன் சிறுவனாக இருந்தபோது ஊரில் இப்படியொரு பள்ளி கிடையாது. 'ஊமை' என்று கூப்பிட்டே ஊர் அவனை வளர்த்தது. அவனுக்காகத்தான் அவள் பள்ளியைத் தொடங்கினாள். மீசை நரைக்கத் தொடங்கிய வயதில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து ஜரீர் சைகை மொழி கற்றான். கற்றதும் தங்கையிடம் அவன் கைகள் கேட்ட முதல் கேள்வி, "உன் பேர் என்ன?" அன்று அவள் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுது தீர்த்தாள்.

அந்தப் பள்ளிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கட்டடத்தின் குத்தகை மாதக் கடைசியில் முடிகிறது. சொந்தக்காரர் அபூ ஸக்ருக்கு அதைக் கல்யாண மண்டபமாக்க ஆசை. அவர் மனசு மாறினாலும், குழு கூடி, பாதிக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் புது ஒப்பந்தம் செல்லும். இல்லாவிட்டால் பிள்ளைகள் தெருவில்தான்.

தலைநகர் அம்மானில் ஒரு ஓட்டலில் 'திறமையான நிர்வாகக் குழுவை உருவாக்குவது எப்படி' என்று பயிற்சி நடந்தது. ருவைதா போனாள். கணக்குத் தெரிந்தவர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்றார் பயிற்சியாளர். சாப்பாடும் நன்றாக இருந்தது. திரும்பி வந்த கையோடு பாஷா வீட்டுக்குப் போனாள்.

"கணக்குத் தெரிஞ்சவன்தானே வேணும்? என் அத்தை மகன் இருக்கானேம்மா," என்றார் பாஷா.

"அவர் பல் டாக்டராச்சே, பாஷா."

"பல்லை எண்ணத் தெரிஞ்சவனுக்குப் பணத்தை எண்ணத் தெரியாதா?"

"உம்மு லைத்துன்னு ஒருத்தங்க இருக்காங்க. வங்கியில வேலை. அவங்க மகன் நம்ம பள்ளிக்கூடத்துலதான் படிக்கிறான்."

"எந்தக் குலம்?"

"நான் கேக்கலையே, பாஷா."

"யாரு எவருன்னு தெரியாம எப்படிம்மா குழுவுல போடுறது?"

பல் டாக்டர் குழுவுக்குள் வந்தார். பாஷாவின் குலத்துக்கு இரண்டு நாற்காலி என்றால் மற்ற குலங்கள் வாயில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கணக்குப் புலியைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்கும் கூட்டல் வராது. பதினோரு பேர் குழு பதினைந்தானது. ஆறு பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று இருந்தது எட்டானது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். ருவைதா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இருந்தும் கூட்டம் கூட்டிப் பார்த்தாள். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு முன்னாள் மேயர் துக்கம் விசாரிக்கும் வீடு என்று நினைத்து வந்தவர்; எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"மத்தவங்கல்லாம் எங்கே மாமா?" என்று அவரிடம் கேட்டாள் ருவைதா.

"ஜாஹாவுக்குப் போயிருக்காங்க. பாஷாதான் முன்னால. நானும் இதை முடிச்சுட்டு அங்கதான் ஓடணும்."

ஜாஹா என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் திரண்டு ஒரு வீட்டுக்குக் கேட்கப் போவது. பெண் கேட்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். வீட்டின் மூத்த ஆண் காப்பி கொடுப்பார். வந்தவர்களின் தலைவர் கிண்ணத்தைக் கீழே வைத்து, 'கேட்டதைக் கொடுத்தால்தான் குடிப்போம்' என்பார். 'குடியுங்கள், கொடுத்தாயிற்று' என்பார் வீட்டுக்காரர். அந்தக் காப்பியை ஆறவிட்ட குடும்பம் ஊரில் தலைகாட்ட முடியாது. கூட்டத்துக்கு வர முதுகுவலி தடுக்கும்; ஜாஹாவுக்குப் போக மாரடைப்பே வந்தாலும் தடுக்காது.

ருவைதா அன்றே பாஷாவுக்குத் தொலைபேசினாள்.

"பாஷா, ஒரு ஜாஹா போகணும். அபூ ஸக்ர் வீட்டுக்கு. நீங்க முன்னால நின்னாத்தான் காரியம் நடக்கும்."

"என்னைக்கு?" என்றார் பாஷா. எதற்கு என்று கேட்கவில்லை.

பதினைந்து பேரும் வந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத மேலங்கிகள், முதல் வரிசைக்குச் சின்னத் தள்ளுமுள்ளு, ஒரு புகைப்படக்காரர். காப்பி வந்தது. பாஷா கிண்ணத்தைக் கீழே வைத்து, முன்னோர் பெருமையில் தொடங்கிக் குத்தகையில் வந்து முடித்தார். "குடிங்க பாஷா, பத்து வருஷத்துக்குக் கொடுத்தாச்சு," என்றார் அபூ ஸக்ர். பாவம், வேறு என்ன சொல்வார்?

பாஷா கிண்ணத்தை எடுக்குமுன் பெண்கள் அறையிலிருந்து ருவைதா தாளோடு வந்து நின்றாள். "குழு முழுசா இருக்கு பாஷா. ரெண்டு தீர்மானம். வாசிச்சுடறேன்." வாசித்தாள். முதலாவது குத்தகை. இரண்டாவது, வரும் மூன்று கூட்டங்களுக்கு வராதவர் நாற்காலியை இழப்பார். உரக்கத்தான் வாசித்தாள். யார் எங்கே நிற்பது என்று புகைப்படக்காரர் சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. காப்பி ஆறுகிறதே என்று பதினைந்து பேரும் போட்டி போட்டுக் கையெழுத்திட்டார்கள்.

மூன்று கூட்டங்களும் முறைப்படி அறிவித்து நடந்தன. முன்பு வந்த அதே மூன்று பேர் தப்பினார்கள். பாஷா உட்பட மற்றவர்களின் நாற்காலிகள் காலியாயின. சங்கத்துத் தேர்தலில் உம்மு லைத் வந்தாள், ஒரு வழக்கறிஞர் வந்தார், மேலும் நான்கு தாய்மார்கள் வந்தார்கள். ஆறு நாற்காலியைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். முதல் கூட்டத்திலேயே பள்ளி வண்டிக்குப் புது டயர் வாங்க முடிவானது. பழைய குழுவில் அது மூன்று வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது.

பாஷா சும்மா விடுவாரா? ஒரு வெள்ளிக்கிழமை, பறிபோன நாற்காலிகளைத் திருப்பிக் கேட்டு, பன்னிரண்டு பேரும் ருவைதா வீட்டுக்கே ஜாஹா வந்துவிட்டார்கள். இவர்கள் கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல எந்த வீட்டுக்கும் வாய் கிடையாது. உம்மு லைத்தை வெளியே அனுப்பவேண்டி வரும். பள்ளி மறுபடியும் பளிங்குப் பலகையாகிவிடும்.

தகப்பனார் இறந்துபோன வீட்டில் மூத்த ஆண் ஜரீர். விருந்தாளிகள் வந்ததில் அவனுக்கு ஒரே மகிழ்ச்சி. தானே காப்பி ஊற்றினான். பாஷா கிண்ணத்தைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமி, முன்னோரிலிருந்து தொடங்கினார். நன்றாகத்தான் பேசினார். ஜரீர் அவர் முகத்தையும் குடிக்காத கிண்ணத்தையும் மாறிமாறிப் பார்த்தான். கிண்ணத்தை எடுத்து முகர்ந்தான். கொட்டிவிட்டுச் சூடாக வேறு ஊற்றி நீட்டினான். பாஷா அதையும் கீழே வைத்தார்.

"இவருக்குக் காது கேக்காதுங்க பாஷா," என்று கிசுகிசுத்தார் சிமெண்டு வியாபாரி.

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? நம்மள்ல யாருக்காவது இந்தச் சைகை தெரியுமா?"

முன்னாள் மந்திரி கூரையைப் பார்த்தார். பல் டாக்டர் தன் பற்களைத் தொட்டுக் காட்டினார். அது என்ன பாஷை என்று அவருக்கே தெரியாது. பாஷா பெண்கள் அறைப் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா ருவைதா, நீயே உங்க அண்ணன்கிட்ட சொல்லிடேன்."

"நான் எப்படி பாஷா சொல்றது? ஜாஹாவுக்கு வந்தவங்கதானே கேக்கணும்," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

பாஷாவுக்கு வியர்த்தது. தன்னைத் தொட்டுக் காட்டினார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டினார். இரண்டு கையையும் ஏந்தினார். ஜரீருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் மெத்தென்ற தலையணை ஒன்றை எடுத்துவந்து, பெரியவரைப் பதமாகத் தூக்கி, அதை இருக்கையில் போட்டு, அதன்மேல் அவரை உட்காரவைத்தான். பிறகு மூன்றாவது முறையாகக் காப்பி ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தான்.

மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஷா காப்பியைக் குடித்தார். குடித்துவிட்டால் கேட்க வேறொன்றும் இல்லை என்று அர்த்தம். அவரைப் பார்த்து மற்றவர்களும் குடித்தார்கள். அவர்களுடைய கார்கள் சரிவில் இறங்கி மறைந்த பிறகுதான் ருவைதா பெண்கள் அறையிலிருந்து வெளியே வந்தாள்.

ஜரீர் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே அவளிடம் கையால் கேட்டான்: "யாரு இவங்கல்லாம்?"

"இத்தனை வருஷமா நம்ம பள்ளிக்கூடத்தை நடத்தினவங்க," என்று காட்டினாள்.

அவன் வாசலைப் பார்த்தபடி கடைசிக் கிண்ணத்தையும் அடுக்கிவைத்தான். பிறகு அவன் விரல்கள் மெதுவாக அசைந்தன: "பாவம், ஒருத்தருக்குக்கூடப் பேச வரலையே."